முதலில் வெளிச்சத்தை அளந்து பாருங்கள்

வீட்டுக்குள் செடி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது "எந்தச் செடி வாங்கலாம்?" என்றுதான். நான் உடனே பதில் சொல்வதில்லை, திருப்பிக் கேட்பேன். எங்கே வைக்கப் போகிறீர்கள், ஜன்னலிலிருந்து எத்தனை அடி தள்ளி, அந்த ஜன்னல் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது, எதிரே கட்டடமோ மரமோ மறைக்கிறதா? இதற்கெல்லாம் பதில் கிடைத்துவிட்டால் செடி எது என்பது பாதிக்கு மேல் முடிவாகிவிடும். ஒற்றை அறையில் குடியிருப்பவர், பால்கனி இல்லாத அடுக்குமாடியில் இருப்பவர், பாதி வருடம் பனி கொட்டும் ஊர்க்காரர், பன்னிரண்டு மாதமும் வெயில் காயும் ஊர்க்காரர் என்று யார் கேட்டாலும் இதே கேள்விகள்தான். வீட்டுக்குள் வந்துவிட்ட செடிக்கு வெளியே நடக்கும் பருவம் பாதிதான் எட்டும். வெப்பம் மனிதர்கள் தாங்கும் அளவிலேயே இருக்கும், தண்ணீர் நாம் ஊற்றுவது, மண் நாம் கலந்து வைத்தது. எந்த வீடாக இருந்தாலும் வாசலைத் தாண்டி உள்ளே போனதும் சட்டென்று குறைந்துபோவது வெளிச்சம்.

எவ்வளவு குறைகிறது என்பதை நம் கண் சொல்லாது. உச்சி வெயிலில் திறந்த வெளியில் சுமார் 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கும். மேகம் மூடிய பகலிலும் 10,000 முதல் 20,000 வரை கிடைக்கும். அதே நேரத்தில், நேரடி வெயில் விழாத ஜன்னலோரத்தில் இரண்டாயிரமோ மூவாயிரமோ இருந்தால் அது நல்ல ஜன்னல். கூடத்தின் நடுவே அளந்தால் 100, 200, மிஞ்சினால் 300. அந்தக் கூடத்தில் உட்கார்ந்து நாம் வசதியாகப் புத்தகம் படிக்கிறோம், வருகிறவர்களும் நல்ல வெளிச்சமான வீடு என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். கண்மணி விரிந்து சுருங்கி, விழித்திரை தன் உணர்திறனைக் கூட்டிக் குறைத்து, வெளியே இருப்பதில் ஐந்நூறில் ஒரு பங்குதான் இங்கே இருக்கிறது என்பதை நம்மிடமிருந்து மறைத்துவிடுகிறது. இலைக்கு அந்த வசதி கிடையாது. மேலே விழும் ஒளித்துகள்கள் எத்தனையோ, அத்தனைக்குத்தான் அது சர்க்கரை செய்ய முடியும்.

செய்த சர்க்கரையைச் செடி இரவு பகல் எந்நேரமும் சுவாசித்துச் செலவழித்துக்கொண்டே இருக்கிறது. வரவும் செலவும் சரியாகப் பொருந்தும் ஒரு வெளிச்ச அளவு ஒவ்வொரு செடிக்கும் உண்டு. அதற்குக் கீழே வைத்தால் சேமிப்பைக் கரைத்துக்கொண்டுதான் நிற்கும். பண்ணையில் நல்ல வெளிச்சத்தில் வளர்ந்து நிறையச் சேர்த்து வைத்திருப்பதால் சில மாதங்கள் தாக்குப்பிடிக்கும், அந்தச் சில மாதங்கள்தான் நம்மை ஏமாற்றுகின்றன. புதிதாக வரும் இலை முந்தைய இலையைவிடச் சின்னதாக இருக்கும், இரண்டு இலைகளுக்கு நடுவே தண்டு நீளும், மொத்தச் செடியும் ஜன்னல் பக்கம் சாயும். இந்தச் சாய்வைச் சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் புல் நாற்றுகளை வைத்து ஆராய்ந்து 1880இல் வெளியிட்டார்கள்: நாற்றின் நுனியை மூடிவிட்டால் அது சாய்வதில்லை, ஒளியை உணர்வது நுனி, வளைவது அதற்குக் கீழே உள்ள பகுதி. ஆக்சின் என்ற ஹார்மோன் நிழல் பக்கம் அதிகமாகச் சேர்ந்து அந்தப் பக்கத்துச் செல்களை நீளவைக்கிறது என்பது பிற்பாடு தெரிய வந்தது. ஒரு செடி நெடுநெடுவென்று நீளும்போது நன்றாக வளர்கிறது என்று சந்தோஷப்படுகிறோம். உண்மையில் அது வெளிச்சத்தைத் தேடிப் போய்க்கொண்டிருக்கிறது. கடைசியில் இலை மஞ்சளாகும்போது தண்ணீர் போதவில்லையோ உரம் போதவில்லையோ என்று இரண்டையும் கூட்டிக் கொடுக்கிறோம், வேர் அழுகிப்போகிறது.

ஆகவே அளந்து பாருங்கள். கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. துல்லியம் சுமார்தான், ஆனால் 300க்கும் 3,000க்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட அது போதும். செடி நிற்கப்போகும் இடத்தில், இலை இருக்கப்போகும் உயரத்தில், கைப்பேசியின் உணரி வெளிச்சத்தைப் பார்த்திருக்கும்படி பிடித்து, காலை, மதியம், மாலை என்று பாருங்கள். மேகம் மூடிய நாளிலும் ஒரு தடவை பாருங்கள். பிறகு ஜன்னலிலிருந்து ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்தபடி அளந்தால் எண் சரசரவென்று இறங்குவது தெரியும், பல அறைகளில் இரண்டு மீட்டர் போவதற்குள் பத்தில் ஒரு பங்காகிவிடும். செயலியெல்லாம் வேண்டாம் என்பவர்கள் தொட்டி இருக்கும் இடத்தில் கண்ணை வைத்து ஜன்னலைப் பார்க்கலாம். அங்கிருந்து வானம் துளியும் தெரியவில்லை என்றால், வீடு எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும், அந்த இடம் செடிக்கு இருட்டு.

திசையைப் பொறுத்தவரை எல்லா ஊருக்கும் பொருந்துகிற ஒரே அறிவுரை கிடையாது. வட அரைக்கோளத்தின் நடு அட்சரேகைகளில் தெற்கு ஜன்னல் நல்லது, தென் அரைக்கோளத்தில் வடக்கு ஜன்னல், சூரியன் அந்தப் பக்கம் சாய்ந்து போவதால். அங்கே குளிர்காலத்தில் தாழ்வாகப் போகும் சூரியன் அறைக்குள் வெகுதூரம் வரும், ஆனால் வந்த வேகத்தில் போய்விடும், 60 டிகிரி வட அட்சரேகையில் டிசம்பர் கடைசியில் பகல் என்பதே சுமார் 6 மணி நேரம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து ஊர்களில் கதை வேறு. பகல் வருடம் முழுக்கக் கிட்டத்தட்ட 12 மணி நேரம், ஆனால் மதியச் சூரியன் தலைக்கு நேர் மேலே நின்று கூரையைச் சுடுகிறதே தவிர ஜன்னல் வழியாக உள்ளே வருவதில்லை. வருவது காலையில் கிழக்கிலும் மாலையில் மேற்கிலும் மட்டும். அதையும் சூடு தாங்காமல் சன்ஷேடும் திரையும் போட்டுத் தடுத்துவிடுகிறோம். வெளியே வெயில் காய்ந்துகொண்டிருக்கும் ஊர்களில் வீட்டுக்குள் செடிகள் இருட்டில் மெலிவது இப்படித்தான், எங்கள் ஊரில் வெளிச்சத்துக்கா பஞ்சம் என்று யாரும் அளந்துகூடப் பார்ப்பதில்லை.

வெப்பமான ஊர்களில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் செடியின் சுவாசம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும், அதாவது செலவு இரட்டிப்பாகும். 22 டிகிரி அறையில் மங்கலான மூலையில் சமாளித்துக்கொள்ளும் செடி, 32 டிகிரி அறையில் அதே மூலையில் இளைத்துப்போகலாம். சூடான வீட்டுக்கு அதிக வெளிச்சம் தேவை என்பதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது, ஏனென்றால் நம் உள்ளுணர்வு நேர் எதிராக, வெயிலிலிருந்து செடியைக் காப்பாற்றி உள்ளே தள்ளி வைக்கச் சொல்கிறது. கொஞ்சம் குளிர்ந்த அறையில் இருக்கிறவர்கள் இந்த வகையில் அதிர்ஷ்டசாலிகள், குளிர்கால மந்த வெளிச்சத்தை அங்கே செடி நிதானமாகக் கடந்துவிடும். செடிக்கென்று அறையைச் சூடேற்ற வேண்டாம், வெப்பமண்டலச் செடிகளுக்கு 12 டிகிரிக்குக் கீழே போகாமலும் இலை குளிர்ந்த கண்ணாடியைத் தொடாமலும் பார்த்துக்கொண்டால் சரி.

சரி, அளந்தாயிற்று, எண் கையில் இருக்கிறது. பகலில் பெரும்பாலான நேரம் 500 லக்ஸுக்குக் கீழே என்றால் அங்கே எதையும் நிரந்தரமாக வைக்காதீர்கள். 500 முதல் 1,000 வரை ஸ்நேக் பிளாண்ட், ஜீஜீ பிளாண்ட், ஆஸ்பிடிஸ்ட்ரா போன்றவை அப்படியே நின்றுகொண்டிருக்கும், வளர்ச்சியை எதிர்பார்க்கக் கூடாது. ஆயிரத்தைத் தாண்டினால் மணி பிளாண்ட், பீஸ் லில்லி, பிலோடென்ட்ரான் எல்லாம் மெல்ல மெல்லப் புது இலை விடும், இரண்டாயிரத்துக்கு மேல் அவை செழிப்பாகவே இருக்கும். வீட்டுச் செடி என்று விற்கப்படுகிறவற்றில் பெரும்பாலானவை வெப்பமண்டலக் காடுகளின் அடித்தளத்தில் வளர்கிறவை, மேலே விழும் வெயிலில் நூற்றில் ஒன்றோ இரண்டோ பங்குதான் அங்கே தரைக்கு வந்து சேரும். மணி பிளாண்டின் பூர்வீகம் பசிபிக் நடுவிலுள்ள மொரேயா தீவு. அது இன்று உலகத்தின் எல்லா வீடுகளிலும் இருப்பதற்குக் காரணம் இந்த நிழல் பழக்கம். புதினா, பேசில், லெட்டூஸ் போன்ற இலைப் பயிர்களுக்கு 10,000 லக்ஸுக்குக் குறையாமல் நாள் முழுக்க வேண்டும், தக்காளிக்கும் மிளகாய்க்கும் அதைவிட இரண்டு மடங்கு. இந்தக் கடைசி வகைக்கு நல்ல வெயில் ஜன்னல் இல்லாத வீட்டில் விளக்கு இல்லாமல் வழியில்லை.

விளக்கு என்றதும் சிலர் முகம் சுளிக்கிறார்கள், செயற்கை என்று. எனக்கு அதில் துளியும் தயக்கம் கிடையாது. ஜன்னலே இல்லாத அறையிலும் இருண்ட குளிர்காலத்திலும் பச்சையாக ஒன்று வளர்வதற்கு வழி செய்த பொருள் அது. நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது, அந்த நீலம் வந்த பிறகுதான் குறைந்த மின்சாரத்தில் வெள்ளை எல்.இ.டி. வெளிச்சம் சாத்தியமாயிற்று. அதே 2014இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வெஜ்ஜி என்ற சின்னச் செடி வளர்ப்புக் கூடம் போனது, 2015 ஆகஸ்டில் விண்வெளி வீரர்கள் எல்.இ.டி. வெளிச்சத்தில் அங்கேயே வளர்ந்த சிவப்பு லெட்டூஸைச் சாப்பிட்டார்கள். ஜன்னலும் மழையும் மண் தரையும் இல்லாத அந்த இடத்தில் முடிந்தது, நம் புத்தக அலமாரியின் ஒரு தட்டில் முடியாமல் போகாது.

ஊதா நிறத்தில் எரியும் விளக்குகளைத்தான் வாங்க வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் அதிகம் உறிஞ்சுகிறது என்பதை வைத்து அந்த விளக்குகள் வந்தன, ஆனால் இலை பச்சை ஒளியையும் பயன்படுத்துகிறது, அது இலைக்குள் ஆழமாகப் போய் அடிப்பக்கச் செல்கள் வரை வேலை செய்கிறது. நல்ல வெள்ளை எல்.இ.டி.யில் எல்லா நிறமும் இருக்கிறது. அதோடு வெள்ளை வெளிச்சத்தில்தான் இலை மஞ்சளாகிறதா, பூச்சி வந்திருக்கிறதா என்று நம் கண்ணுக்குத் தெரியும். நாம் குடியிருக்கும் அறையில் ஊதா வெளிச்சம் தினமும் பதினாறு மணி நேரம் எரிவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எத்தனை வாட் வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் இங்கேதான் நிறையப் பேர் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார்கள். செடிக்காரர்கள் வெளிச்சத்தை மோல் கணக்கில் சொல்வார்கள், ஒரு நாளில் ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளித்துகள்களின் அளவு அது. லெட்டூஸுக்கு ஒரு நாளைக்கு 12 முதல் 17 மோல் தேவை. 14 என்று வைத்துக்கொண்டு 16 மணி நேரம் விளக்கு எரித்தால் ஒரு சதுர மீட்டருக்கு நொடிக்குச் சுமார் 240 மைக்ரோமோல் (மோலில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் மைக்ரோமோல்) வருகிறது, வெள்ளை எல்.இ.டி.யில் இது ஏறக்குறைய 16,000 லக்ஸ். நல்ல விளக்கு ஒரு வாட்டுக்கு நொடிக்கு 2 முதல் 2.5 மைக்ரோமோல் தரும். 30க்கு 60 சென்டிமீட்டர் உள்ள ஒரு அலமாரித் தட்டு 0.18 சதுர மீட்டர்தான், ஆக 20 வாட்டில் கணக்கு முடிந்துவிடுகிறது, பக்கவாட்டில் சிதறிப்போவதையும் சேர்த்து 25 அல்லது 30 வாட் என்று வாங்கலாம். ஒரு நாளைக்கு அரை யூனிட்டுக்கும் குறைவான மின்சாரம், மாதத்துக்குச் சுமார் 12 முதல் 15 யூனிட். நிழல் செடிகள் மட்டும் என்றால் இதில் நான்கில் ஒரு பங்கு போதும். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் ஆயிரம் வாட்டுக்கு இணை என்று போட்டிருப்பதைப் பார்க்காதீர்கள், உண்மையில் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்ற எண்ணைத் தேடிப் பாருங்கள்.

விளக்கை இலையிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரத்தில் தொங்கவிடுங்கள். கூரையில் இருக்கும் விளக்கு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் செடிக்குப் பயன்படாததற்குக் காரணம் தூரம்தான். ஒரு டைமர் கட்டாயம் வேண்டும், நாமே தினமும் போட்டு அணைப்பது நடக்காத காரியம். அப்புறம், இருபத்துநான்கு மணி நேரமும் எரியவிட்டால் இன்னும் வேகமாக வளருமே என்று தோன்றும், அதைச் செய்யாதீர்கள். இடைவிடாத வெளிச்சத்தில் தக்காளி இலைகள் வெளுத்துப் பாழாகும், மற்ற பல செடிகளுக்கும் பொழுது கணக்கு தேவைப்படுகிறது. கார்னர், அல்லார்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1920இல் காட்டியது இதைத்தான்: ஒரு செடி எப்போது பூக்கும் என்பதைப் பகலின் நீளம் தீர்மானிக்கிறது. வீட்டுக்குள் அந்த நீளம் நம் கையில் இருக்கிறது. கொத்தமல்லியும் ஸ்பினாச் கீரையும் பகல் நீண்டால் இலையை விட்டுவிட்டுப் பூக்கக் கிளம்பிவிடும், அவற்றுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் விளக்கு வேண்டாம்.

தண்ணீரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் மறுபடி வெளிச்சத்துக்கே வர வேண்டியிருக்கிறது. இலை எவ்வளவு வெளிச்சம் வாங்குகிறதோ அதற்கேற்பத்தான் தண்ணீர் குடிக்கும். அதனால் வாரத்துக்கு இரண்டு தடவை என்பது போன்ற அட்டவணைகளை நான் நம்புவதில்லை, அதே செடி அதே தொட்டியில் கோடையில் மூன்றாவது நாள் கேட்கும், குளிர்காலத்தில் இரண்டு வாரம் கேட்காமல் இருக்கும். விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள், அல்லது தொட்டியைத் தூக்கிப் பார்த்து எடையைப் பழகிக்கொள்ளுங்கள். கொஞ்ச நாளில் கை சரியாகச் சொல்லிவிடும். ஊற்றும்போது அடித்துளை வழியாக வெளியே வரும்வரை ஊற்றுங்கள், தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். வேருக்கும் ஆக்சிஜன் வேண்டும், தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவுவது காற்றில் பரவுவதைவிடப் பத்தாயிரம் மடங்கு மெதுவாக, ஆகவே எப்போதும் நனைந்தே இருக்கும் மண்ணில் வேர் மூச்சுத் திணறுகிறது. அப்போதும் இலை வாடித்தான் காட்டும், தண்ணீர் இல்லாத செடி போலவே. அதைப் பார்த்து இன்னும் ஊற்றுகிறோம்.

தொட்டியின் அடியில் கூழாங்கல் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கை எல்லா ஊரிலும் இருக்கிறது. நடப்பது வேறு. பொடியான மண்ணிலிருந்து பெரிய கற்களுக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது, மண் முழுக்க ஊறிய பிறகுதான் கீழே சொட்டும். எனவே ஈரம் தேங்கும் அந்த அடுக்கு கல்லுக்கு மேலே, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கல்லை விட்டுவிட்டுக் கலவையைச் சரிசெய்யுங்கள். தென்னை நார்க்கழிவு, பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் கல் துகள், மக்கிய உரம் மூன்றையும் கையில் பிடித்துப் பிழிந்தால் உதிர்கிற பதத்தில் கலந்தால் போதும். தோட்டத்து மண்ணைத் தொட்டியில் நிரப்பாதீர்கள், அது கனமாக இறுகிப்போகும். கனம் என்பது அலமாரியில் வளர்ப்பவர்களுக்கு நேரடிப் பிரச்சினை, நனைந்த தொட்டிகள் வரிசையாக நின்றால் எத்தனை கிலோ என்று யோசித்துவிட்டு ஆணி அடியுங்கள்.

மேல் மண் காயாமலே இருந்தால் இன்னொரு தொல்லை, மண்ணிலிருந்து கிளம்பி முகத்தைச் சுற்றும் சின்னக் கறுப்பு ஈக்கள். பறப்பதைப் பிடிக்க மஞ்சள் ஒட்டு அட்டை இருக்கிறது, ஆனால் வேரைக் கடிப்பது மண்ணில் இருக்கும் புழு. மேலே ஒரு அங்குலம் காயவிடுவதும், கொசுப்புழுவைக் கொல்லப் பயன்படும் பி.டி.ஐ. என்ற பாக்டீரியாவைத் தண்ணீரில் கலந்து ஊற்றுவதும் சேர்ந்தால் சில வாரங்களில் அடங்கிவிடும். வறண்ட சூடான அறையில் செஞ்சிலந்தி வரும், இலைக்கு அடியில் மெல்லிய வலையும் மேலே ஊசி குத்தியது போன்ற வெளிர்ப் புள்ளிகளும் தெரியும். குழாயடியில் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதே முதல் மருந்து. வீட்டுக்குள் இவற்றைத் தின்ன வேறு பூச்சிகள் வராது என்பதால் எதுவும் தானாகக் குறையாது. புதிதாக வாங்கும் செடியை இரண்டு மூன்று வாரம் தனியாக வைத்துக் கவனித்துவிட்டு மற்றவற்றோடு சேர்ப்பது பெரிய தலைவலியைத் தவிர்க்கும்.

காற்றின் வறட்சியைப் பற்றிக் குளிர் நாடுகளில் இருப்பவர்கள் அதிகம் கேட்கிறார்கள். 0 டிகிரியில் ஈரம் நிறைந்திருந்த காற்றையே 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். ஏ.சி. ஓடும் அறைகளிலும் காற்று உலர்ந்துதான் இருக்கும். தெளிப்பானால் இலையில் தண்ணீர் அடிப்பது சில நிமிடங்களுக்குத்தான், அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். செடிகளைக் கூட்டமாக வைப்பது கொஞ்சம் உதவும், பெரணி போன்ற மென்மையானவற்றுக்குக் கண்ணாடிப் பெட்டியே வழி. இந்தப் பெட்டிக்கு அழகான வரலாறு இருக்கிறது. லண்டனில் நத்தானியேல் வார்டு என்ற மருத்துவர், நகரத்து நிலக்கரிப் புகையில் தன் பெரணிகள் செத்துக்கொண்டிருந்த காலத்தில், 1829இல் ஒரு அந்துப்பூச்சிக் கூட்டை ஈர மண்ணோடு கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடி வைத்திருந்தார். கொஞ்ச நாளில் அந்த மண்ணிலிருந்து ஒரு பெரணியும் புல்லும் முளைத்தன, மண்ணிலிருந்து எழும் ஆவி கண்ணாடியில் படிந்து மறுபடி மண்ணுக்கே இறங்கிக்கொண்டிருந்தது. 1833இல் அதே தத்துவத்தில் செய்த பெட்டிகளில் செடிகளை வைத்துக் கப்பலில் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார், மாதக்கணக்கான கடல் பயணத்தைத் தாண்டி அவை உயிரோடு போய்ச் சேர்ந்தன. பிறகு சீனத்துத் தேயிலைச் செடிகள் இந்தியாவுக்கு வந்ததும் இந்தப் பெட்டிகளில்தான். ஒரு மூடிய கண்ணாடி வெவ்வேறு கடல்களையும் வெயிலையும் குளிரையும் தாண்டி ஒரே தட்பவெப்பத்தைக் காப்பாற்றியது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்பு. வீட்டில் செய்கிறவர்கள் நேரடி வெயிலில் மட்டும் வைக்காதீர்கள், மூடிய பெட்டிக்குள் சூடு ஏறி எல்லாம் வெந்துவிடும்.

மிகச் சின்ன இடத்தில், சாப்பிடக்கூடிய எதையாவது சீக்கிரம் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு மைக்ரோகிரீன்ஸ். கடுகு, முள்ளங்கி, பட்டாணி விதைகளை ஒரு ஆழமில்லாத தட்டில் நெருக்கமாகத் தூவினால் ஏழிலிருந்து பதினான்கு நாட்களில் வெட்டலாம். விதையில் சேர்த்து வைத்திருக்கும் சத்தே முக்கால்வாசி வேலையைச் செய்துவிடுவதால் உரம் வேண்டாம், சுமாரான ஜன்னலும் போதும். அதற்கு அடுத்த படி என்று நான் சொல்வது மண்ணில்லாத கிராட்கி முறை. ஹவாய் பல்கலைக்கழகத்தில் பெர்னார்ட் கிராட்கி வளர்த்தெடுத்த இந்த முறையில் மோட்டார் கிடையாது, காற்றுக் குமிழி கிடையாது. ஒளி புகாத ஒரு பாத்திரத்தில் சத்துக் கரைசலை நிரப்பி, மூடியில் துளையிட்டு, சின்ன வலைத்தொட்டியில் நாற்றை வைத்து, அதன் அடி கரைசலைத் தொடும்படி விட்டுவிட வேண்டியதுதான். செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும், மேலே உண்டாகும் ஈரக்காற்று இடைவெளியில் வேரின் மேல்பகுதி காற்றைச் சுவாசிக்கும், நுனி தண்ணீரில் இருக்கும். மட்டம் குறைந்துவிட்டதே என்று மறுபடி விளிம்புவரை நிரப்பக் கூடாது, காற்றுக்குப் பழகிய வேர் மூழ்கிப்போகும். ஒரு லெட்டூஸுக்குச் சுமார் நான்கு லிட்டர் பாத்திரம், கரைசலின் பி.எச். (அமில, கார அளவு) 5.5க்கும் 6.5க்கும் நடுவில், ஹைட்ரோபோனிக்ஸுக்கென்றே செய்த உரம், இவ்வளவுதான். மண்புழு உரத்தைக் கரைத்து ஊற்றினால் நாற்றம்தான் மிஞ்சும், அதைச் சத்தாக மாற்றும் நுண்ணுயிர்கள் மண்ணில்தான் இருக்கின்றன. இன்னொன்று, 30 டிகிரிக்கு மேல் சூடான அறையில் பல லெட்டூஸ் வகைகள் முளைக்கவே மறுக்கும், அங்கே பேசிலும் தண்டுக்கீரையும் சந்தோஷமாக வரும்.

செடிகள் அறைக் காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 1989இல் நாசா செய்த ஆய்வு ஒன்றைக் காட்டுவார்கள், அது மூடிய சின்னப் பெட்டிகளுக்குள் நடந்தது. 2019இல் வெளியான ஓர் ஆய்வு, பழைய சோதனைகளையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டு, சாதாரணக் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வேண்டும் என்று காட்டியது. காற்றுக்கு ஜன்னலைத் திறந்தால் போதும். செடி வளர்க்கச் செடியே போதுமான காரணம். வீட்டில் பூனை இருந்தால் உண்மையான லில்லிகளை (பீஸ் லில்லி அந்த இனம் அல்ல) வாசலுக்குள்ளேயே விடாதீர்கள், அதன் மகரந்தம் கொஞ்சம் உள்ளே போனாலே பூனையின் சிறுநீரகம் கெட்டுவிடும். பனை போலத் தெரியும் சைகஸ் நாய்க்கு விஷம். மணி பிளாண்டும் டீஃபன்பேக்கியாவும் வாயைப் புண்ணாக்கும், குழந்தைகளுக்கும் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

நல்ல விளக்கு வந்த பிறகு எல்லோருக்கும் மிளகாயும் தக்காளியும் ஆசை வரும், வரட்டும். குட்டை ரகத் தக்காளிகள் ஒரு முழ உயரத்தில் காய்க்கும், மிளகாய் ஐந்து லிட்டர் தொட்டியிலும் காய்க்கும். மிளகாய் விதை முளைக்க 25 முதல் 30 டிகிரி வேண்டும், குளிரான வீட்டில் தொட்டிக்கு அடியில் வைக்கும் சின்ன ஹீட் மேட் இதற்கு உதவும். பூ வந்தும் காய் பிடிக்கவில்லை என்று கவலைப்படுகிறவர்கள் யோசிக்க வேண்டியது காற்றை. இந்த இரண்டிலும் ஒரே பூவுக்குள் ஆண் பகுதியும் பெண் பகுதியும் இருக்கின்றன, வெளியே காற்றும் தேனீயும் அதை ஆட்டி மகரந்தத்தை உதிர்த்துவிடும், அறைக்குள் அசைவே இல்லை. மதிய நேரத்தில் பூங்கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிடுங்கள், அல்லது மின்சாரப் பல்துலக்கியை ஓடவிட்டுக் காம்பில் ஒரு நொடி வையுங்கள். பகலில் 35 டிகிரியைத் தாண்டினாலோ இரவில் 15க்குக் கீழே இறங்கினாலோ மிளகாய் பூவை உதிர்த்துவிடும். அதற்காகச் செடியைப் பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள், அது பல வருடம் வாழும் செடி, பாதிக்கு வெட்டிவிட்டு அதே விளக்கின் கீழ் வைத்தால் அறையின் வெப்பம் சரியானதும் மறுபடி தளிர்த்துப் பூக்கும்.